மூன்று மூலக்கூறு எப்படி இரண்டுக்குச் சமமாகும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். "இரண்டு ஹைட்ரஜனும் ஒரு ஆக்ஸிஜனும் சேர்ந்தால் இரண்டு நீர் என்று எழுதுகிறோம். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் இரண்டு. இதைப் போய்ச் சமன்செய்த சமன்பாடு என்கிறார்கள். எண்களைப் போட்டுச் சரிக்கட்டத் தெரியும், மதிப்பெண்ணும் வாங்கிவிடுவேன். ஆனால் எதுதான் சமம்? அந்த எண்கள் கிராமா, லிட்டரா? ஆக்ஸிஜனுக்கு முன்னால் அரை போட்டால் தப்பா?" இவ்வளவும் கேட்டிருக்கிறீர்கள். பார்வைக்குப் பல கேள்விகள். அடியில் இருப்பது ஒன்றுதான். ஒரு சமன்பாடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதே அது. நான் பகுப்பாய்வு ஆய்வகத்தில் பல வருடமாக வேலை பார்ப்பவன். சமன்பாட்டின் முன்னால் நிற்கும் ஒரு எண் மாறினால் அறிக்கை முழுவதும் மாறிவிடும் வேலை அது. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். பதில் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சமமாக இருப்பது அணுக்கள். அதுவும் மொத்தமாக அல்ல, ஒவ்வொரு வகையும் தனித்தனியாக. ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள்; அப்படி இரண்டு மூலக்கூறு என்றால் நான்கு அணு. ஒரு ஆக்ஸிஜன் மூலக்கூறில் இரண்டு ஆக்ஸிஜன் அணு. வலப்பக்கம் வந்தால் ஒரு நீர் மூலக்கூறில் ஹைட்ரஜன் இரண்டு, ஆக்ஸிஜன் ஒன்று. அப்படி இரண்டு இருப்பதால் ஹைட்ரஜன் நான்கு, ஆக்ஸிஜன் இரண்டு. கணக்கு நேராகிவிட்டது. மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அது இருக்கவும் வேண்டியதில்லை. நைட்ரஜன் ஒன்றும் ஹைட்ரஜன் மூன்றும் சேர்ந்து அம்மோனியா இரண்டு ஆகும்போது நான்கு மூலக்கூறு இரண்டாகக் குறைகிறது. புரொப்பேன் எரியும்போது ஆறு மூலக்கூறு ஏழாகப் பெருகுகிறது. பழைய மூலக்கூறுகள் பிரிந்து, அதே அணுக்கள் வேறு கூட்டணியில் சேருவதுதான் வேதிவினை. எத்தனை கூட்டணி அமைகிறது என்பது மாறலாம். அணு ஒன்றுகூட மாறாது.

உங்கள் சந்தேகத்தைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அணுக்கொள்கையை முன்வைத்த ஜான் டால்டனே இந்த இடத்தில்தான் முரண்டு பிடித்தார். 1808இல் பிரெஞ்சு வேதியியலர் கே-லூசாக் வாயுக்களை அளந்து பார்த்துவிட்டு, இரண்டு கன அளவு ஹைட்ரஜன் ஒரு கன அளவு ஆக்ஸிஜனோடு சேர்ந்து இரண்டு கன அளவு நீராவி தருகிறது என்று சொன்னார். சம கன அளவில் சம எண்ணிக்கைத் துகள்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு ஆக்ஸிஜன் துகள் இரண்டு நீர்த் துகளுக்குள் போயாக வேண்டும். அணுவைப் பிளக்க முடியாது என்று நம்பிய டால்டனுக்கு இது ஏற்புடையதாக இல்லை. கே-லூசாக்கின் அளவீட்டையே சந்தேகப்பட்டார். 1811இல் இத்தாலிய விஞ்ஞானி அவகாட்ரோ வழி சொன்னார்: ஆக்ஸிஜன் வாயுவின் துகள் ஒற்றை அணு அல்ல, இரண்டு அணு ஒட்டிய மூலக்கூறு, பிளவுபடுவது மூலக்கூறு, அணு அல்ல. ஒரே தனிமத்தின் இரண்டு அணு எதற்காக ஒட்டிக்கொள்ளப் போகிறது என்று அன்றைய பெரியவர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேதியியலர்கள் கூடிய மாநாட்டில் இத்தாலிய வேதியியலர் கன்னிசாரோ அதை மறுபடி எடுத்து வாதாடிய பிறகுதான் குழப்பம் தெளியத் தொடங்கியது. நீங்கள் ஒரு வரியில் கேட்டதற்கு அந்தக் காலத்து ஜாம்பவான்கள் அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்தது அந்த எண்கள். அவை கிராம் அல்ல. எண்ணிக்கையின் விகிதம், அவ்வளவுதான். இரண்டு மூலக்கூறுக்கு ஒன்று, இரண்டாயிரத்துக்கு ஆயிரம், இரண்டு மோலுக்கு ஒரு மோல். மோல் என்பது எண்ணிக்கைக்கு ஒரு பெயர்: 6.02214076 × 10²³ துகள்கள். 2019 முதல் இந்த எண்ணையே வரையறையாக வைத்துவிட்டார்கள், அளந்து திருத்தும் வேலை இனி இல்லை. மூலக்கூறை ஒவ்வொன்றாக எண்ண முடியாது, தராசில் நிறுத்த முடியும். இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் மோல். இரண்டு மோல் ஹைட்ரஜன் 4.03 கிராம், ஒரு மோல் ஆக்ஸிஜன் 32.00 கிராம், இரண்டு மோல் நீர் 36.03 கிராம். கிராமில் மாற்றியதும் இரண்டு பக்கமும் சமமாகிவிட்டதைப் பாருங்கள். இதற்குத் தனியாக எந்த முயற்சியும் தேவைப்படவில்லை. அணுக்கள் அதே அணுக்கள் என்றால் எடையும் அதே எடைதான்.

லிட்டர் என்று கேட்டீர்களே, அதில் பாதி உண்மை இருக்கிறது. எல்லாமே வாயுவாக, ஒரே வெப்பநிலையில், ஒரே அழுத்தத்தில் இருந்தால் அந்த எண்களை லிட்டராகவும் படிக்கலாம்: 2 லிட்டர் ஹைட்ரஜன், 1 லிட்டர் ஆக்ஸிஜன், 2 லிட்டர் நீராவி. இங்கே நீராவி என்பது முக்கியம். ஆறித் தண்ணீராகிவிட்டால் அது இரண்டு மில்லிலிட்டர்கூட வராது. அதனால்தான் சமன்பாட்டில் ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் திண்மமா, நீர்மமா, வாயுவா என்று சின்னதாகக் குறிக்கச் சொல்கிறார்கள். அதைப் பலர் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

விகிதம் என்பதன் பலன் ஒரு கணக்குப் போட்டால் தெரியும். 10 கிராம் ஹைட்ரஜனையும் 10 கிராம் ஆக்ஸிஜனையும் ஒரு மூடிய கலத்தில் வைத்துப் பொறி காட்டினால் எத்தனை கிராம் நீர் கிடைக்கும்? அவசரப்பட்டால் 20 என்போம். ஆக்ஸிஜன் 10 கிராம் என்பது 0.3125 மோல். அதற்கு இரட்டிப்பாக 0.625 மோல் ஹைட்ரஜன் போதும். அது வெறும் 1.26 கிராம். கிடைக்கும் நீர் 11.26 கிராம். மீதி 8.74 கிராம் ஹைட்ரஜன் சேர ஆளில்லாமல் அப்படியே நிற்கும். 11.26, 8.74 இரண்டையும் கூட்டினால் 20. ஆக, மொத்த நிறையும் எங்கும் போகவில்லை. முதலில் தீர்ந்துபோகிற பொருள்தான் விளைச்சலை முடிவு செய்கிறது. அது எது என்று சமன்பாடு இல்லாமல் கண்டுபிடிக்க வழியில்லை.

சமன்செய்யும்போது எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். வாய்பாட்டுக்கு, அதாவது H₂O போன்ற குறியீட்டுக்கு, முன்னால் நிற்கும் எண்ணை மாற்றலாம். வாய்பாட்டுக்குள் கீழே சின்னதாக இருக்கும் எண்ணைத் தொடக்கூடாது. முதல் எண் "எத்தனை" என்கிறது, இரண்டாவது "எது" என்கிறது. ஹைட்ரஜன் ஒன்று, ஆக்ஸிஜன் ஒன்று என்று எழுதிவிட்டு, வலப்பக்கம் ஆக்ஸிஜன் ஒன்று குறைகிறதே என்று நீரின் வாய்பாட்டுக்குள் ஒரு 2 சேர்த்தால் அணுக்கணக்கு அழகாகச் சரியாகிவிடும். ஆனால் அது இப்போது நீர் அல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு. காயத்தைக் கழுவவும் வெளுக்கவும் பயன்படும் வேறு பொருள். கணக்கைச் சரிக்கட்டப் போய்ப் பொருளையே மாற்றிவிட்டோம்.

செய்முறைக்குப் புரொப்பேனையே எடுத்துக்கொள்கிறேன். அதில் கார்பன் மூன்று, ஹைட்ரஜன் எட்டு. ஆக்ஸிஜனில் எரிந்து கார்பன் டைஆக்சைடும் நீரும் ஆகிறது. கார்பன் மூன்று என்பதால் கார்பன் டைஆக்சைடு மூன்று. ஹைட்ரஜன் எட்டு என்பதால் நீர் நான்கு. இப்போது வலப்பக்கம் ஆக்ஸிஜன் அணு ஆறும் நான்கும் பத்து. எனவே இடப்பக்கம் ஆக்ஸிஜன் மூலக்கூறு ஐந்து. முடிந்தது: 1 புரொப்பேன் + 5 ஆக்ஸிஜன் → 3 கார்பன் டைஆக்சைடு + 4 நீர். ஆக்ஸிஜனைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது தனித்து நிற்கும் தனிமம்; அதன் எண்ணை மாற்றினால் வேறு எந்த அணுவும் கலையாது. இந்த ஒரு பழக்கம் பாதிச் சிரமத்தைக் குறைக்கும். பியூட்டேனுக்கு இதையே செய்தால் வலப்பக்கம் ஆக்ஸிஜன் அணு 13 வரும், ஒற்றைப்படை. ஆக்ஸிஜனுக்கு ஆறரை போட்டுவிட்டு, எல்லாவற்றையும் இரட்டித்துவிடுங்கள்: 2, 13, 8, 10. அந்த அரை எப்படி என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

அணுவோடு இன்னொன்றும் சமமாக வேண்டும், பல பேர் மறப்பது: மின்சுமை. மின்சுற்றுப் பலகையில் தேவையில்லாத செம்பைக் கரைக்க ஃபெரிக் குளோரைடு கரைசலைப் பயன்படுத்துவார்கள். அதில் மூன்று நேர்மின்சுமை உள்ள இரும்பு அயனி செம்பிடமிருந்து எலக்ட்ரானை வாங்கி இரண்டு நேர்மின்சுமைக்கு இறங்குகிறது. செம்பு இரண்டு எலக்ட்ரானை விட்டு அயனியாகிக் கரைகிறது. ஒரு இரும்பு, ஒரு செம்பு, அந்தப் பக்கமும் ஒரு இரும்பு, ஒரு செம்பு என்று எழுதினால் அணுவைப் பொறுத்தவரை குறை இல்லை. ஆனால் இடப்பக்கம் மொத்த மின்சுமை 3, வலப்பக்கம் 4. ஒரு எலக்ட்ரான் மாயமாகிவிட்டது. அதனால் இரும்பு அயனி இரண்டு வேண்டும். அப்போது இரண்டு பக்கமும் 6. கொடுத்த எலக்ட்ரானும் வாங்கிய எலக்ட்ரானும் நேராக வேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

அணு அழியாது, எடை மாறாது என்பது எவ்வளவு உறுதி என்றும் கேட்கத் தோன்றும். பிரெஞ்சு வேதியியலர் லவாசியே 1789இல் இதைத் தெளிவாக எழுதிவைத்தார். அவர் மூடிய கலத்தில் வைத்து எடை பார்த்ததுதான் அதன் பலம். திறந்த வெளியில் கட்டை எரிந்தால் எடை குறையும், இரும்பு துருப்பிடித்தால் எடை கூடும். வந்ததையும் போனதையும் பிடித்துவைக்காததால் வரும் மயக்கம் அது. கறாராகச் சொன்னால், வெப்பம் வெளியேறும் வினையில் ஐன்ஸ்டீன் சொன்னபடி நிறையும் துளி குறையத்தான் செய்கிறது. நம்முடைய 36 கிராம் நீர் உருவாகும்போது வெளியேறும் வெப்பத்துக்கு ஈடான நிறை, ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஆறு பங்கு. ஆய்வகத்தில் உள்ள எந்தச் சாதாரணத் தராசும் அதைக் கவனிக்காது. அணுக்கருவே உடையும் அணு உலை விவகாரத்தில் மட்டும் இந்த விதியை அப்படியே கொண்டுபோகக் கூடாது. அங்கே தனிமமே வேறு தனிமமாகிறது, அதற்குச் சமன்செய்யும் முறை வேறு.

இதுவரை சொன்னதை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். இனி வருவது, சமன்பாட்டிடம் கேட்கக் கூடாத கேள்விகள். சமன்பாடு ஒரு வரவு செலவுக் கணக்கின் முதல் வரியும் கடைசி வரியும் மாதிரி. ஆரம்ப இருப்பு இவ்வளவு, இறுதி இருப்பு இவ்வளவு என்று சொல்லும். நடுவில் பணம் யார் யார் கைமாறியது என்று சொல்லாது. அப்படி ஒரு பரிவர்த்தனை நடந்ததா என்பதற்குக்கூட அது சாட்சி அல்ல.

நடக்குமா என்பதிலிருந்து தொடங்குகிறேன். 2 தங்கம் + 6 ஹைட்ரஜன் குளோரைடு → 2 தங்கக் குளோரைடு + 3 ஹைட்ரஜன். தங்கம் இரண்டு, குளோரின் ஆறு, ஹைட்ரஜன் ஆறு. எந்தப் பரீட்சையிலும் முழு மதிப்பெண் வாங்கும் சமன்பாடு. ஆனால் தங்கத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் காத்திருந்ததுதான் மிச்சம். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த ராஜ திராவகம் வேண்டும், அதில் நடப்பது வேறு வினை. வினை நடக்குமா என்பது ஆற்றல் கணக்கு. அணுக்கணக்கில் அதற்குப் பதில் இல்லை. நடக்கக்கூடிய வினையும் உடனே நடந்துவிடும் என்பதில்லை. ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சாதாரண வெப்பநிலையில் ஒரே குடுவைக்குள் வருடக்கணக்கில் சும்மா இருக்கும். ஒரு பொறி பட்டால் வெடிக்கும். இரண்டுக்கும் சமன்பாடு ஒன்றுதான்.

எவ்வளவு தூரம் போகும் என்பதையும் அது சொல்லாது. அம்மோனியா தொழிற்சாலையில் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் ஒன்றுக்கு மூன்றாகக் கலந்து, 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, பெரும்பாலும் 200 வளிமண்டல அழுத்தத்தை ஒட்டி, இரும்பு வினையூக்கியின் மேல் அனுப்புகிறார்கள். ஒரு தடவை போய்வருவதில் ஏறத்தாழ 15 சதவீதம்தான் அம்மோனியா ஆகிறது. மீதியைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறார்கள். சமன்பாட்டைப் பார்த்தால் எல்லாமே மாறிவிடும் போலத் தெரியும். ஆனாலும் அதை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன்: நான்கு மூலக்கூறு இரண்டாகக் குறைகிறது என்று அது காட்டுகிறதே, அதைப் பார்த்துத்தான் அழுத்தம் கூட்டினால் அம்மோனியா பக்கம் சாயும் என்று ஊகிக்கிறோம். நீங்கள் குறை என்று கண்ட அந்த "நான்கு, இரண்டு" இங்கே கைகொடுக்கிறது.

எப்படி நடக்கிறது என்பது அடுத்தது. 2 ஹைட்ரஜன் + 1 ஆக்ஸிஜன் என்று எழுதியதும், மூன்று மூலக்கூறு ஒரே நேரத்தில் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நீராகிறது என்று மனதில் ஒரு படம் ஓடும். அப்படி நடப்பதில்லை. எங்கிருந்தோ பிரிந்த ஒற்றை ஹைட்ரஜன் அணு ஒன்று ஆக்ஸிஜன் மூலக்கூறில் மோதுகிறது. ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் ஒட்டிய ஒரு துண்டும், ஒற்றை ஆக்ஸிஜன் அணு ஒன்றும் பிறக்கின்றன. அந்த ஒற்றை ஆக்ஸிஜன் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறில் மோதி மறுபடி ஒரு துண்டையும் ஒற்றை ஹைட்ரஜனையும் தருகிறது. துண்டு வேறொரு ஹைட்ரஜன் மூலக்கூறில் மோதினால்தான் நீர் பிறக்கிறது, கூடவே இன்னொரு ஒற்றை ஹைட்ரஜன். ஒன்று போன இடத்தில் இரண்டு, மூன்று என்று பெருகுவதால்தான் வெடிக்கிறது. இந்த மாதிரிச் சங்கிலி வினைகளை ஆராய்ந்த ஹின்ஷல்வுட், செமெனோவ் இருவருக்கும் 1956இல் நோபல் பரிசு கிடைத்தது. சமன்பாட்டில் இந்தத் துண்டுகள் தலைகாட்டுவதே இல்லை; பிறந்ததும் அழிந்ததும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன.

இதனால் இன்னொரு எச்சரிக்கை. முன்னால் உள்ள எண்ணை எடுத்து வினையின் வேகச் சமன்பாட்டில் அடுக்காகப் போடாதீர்கள். டைநைட்ரஜன் பென்டாக்சைடு சிதைவதை 2 டைநைட்ரஜன் பென்டாக்சைடு → 4 நைட்ரஜன் டைஆக்சைடு + 1 ஆக்ஸிஜன் என்று எழுதுகிறோம், ஆனால் அதன் வேகம் செறிவின் முதல் அடுக்கோடுதான் ஒத்துப்போகிறது, இரண்டாம் அடுக்கோடு அல்ல. வேகத்தை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். தேர்வுத்தாள்களில் இந்தத் தப்பு நிறையவே வரும்.

எந்த அணு எங்கே போனது என்பதில் எனக்குப் பிடித்த உதாரணம் ஒளிச்சேர்க்கை. 6 கார்பன் டைஆக்சைடு + 6 நீர் → 1 குளுக்கோஸ் + 6 ஆக்ஸிஜன் என்று எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். இரண்டு பக்கமும் ஆக்ஸிஜன் அணு 18, தப்பில்லை. 1941இல் ரூபன், கேமன் குழுவினர் ஆக்ஸிஜன்-18 என்ற கனமான ஆக்ஸிஜனை அடையாளமாக வைத்துப் பார்த்தபோது, வெளிவரும் ஆக்ஸிஜன் வாயு நீரிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தது. இப்போது எண்ணிப்பாருங்கள். ஆறு ஆக்ஸிஜன் மூலக்கூறுக்குப் பன்னிரண்டு அணு வேண்டும். ஆறு நீரில் இருப்பதோ ஆறு அணுதான். அதனால் இடப்பக்கம் 12 நீரும் வலப்பக்கம் 6 நீரும் எழுதுவதுதான் நடப்புக்கு நெருக்கம். இரண்டு பக்கமும் பொதுவாக உள்ள ஆறு நீரைக் கழித்தபோது அந்தத் தகவலும் சேர்ந்து போய்விட்டது. சுருக்கிய சமன்பாடு பொய் அல்ல, நிகர இருப்பை மட்டும் சொல்கிறது.

இப்போது என் மேசைக்கு வருகிறேன். சமன்செய்துவிட்டால் சரி என்ற நம்பிக்கைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசல் எவ்வளவு வீரியமாக இருக்கிறது என்று பார்க்க, அதில் கந்தக அமிலம் சேர்த்து, ப்யூரெட் என்ற, அளவு குறித்த கண்ணாடிக் குழாயிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். முதல் ஓரிரு சொட்டின் ஊதா நிறம் போக நேரம் எடுக்கும். அப்புறம் விழுந்த வேகத்தில் நிறம் போகும். பெராக்சைடு தீர்ந்த அடுத்த சொட்டில் வெளிர் ரோஜா நிறம் நின்றுவிடும். அங்கே ப்யூரெட்டை மூடிவிட்டு அளவைப் படிக்க வேண்டும். இதன் சமன்பாடு: 2 பெர்மாங்கனேட் + 5 பெராக்சைடு + 6 ஹைட்ரஜன் அயனி → 2 மாங்கனீசு அயனி + 5 ஆக்ஸிஜன் + 8 நீர். சரி, அதில் பெராக்சைடை ஒன்றாக்கி, ஆக்ஸிஜனை மூன்றாக்கி, நீரை நான்காக்கி எழுதிப் பாருங்கள். அணுவும் சரியாக வரும், மின்சுமையும் சரியாக வரும். பெராக்சைடு மூன்று, ஆக்ஸிஜன் நான்கு, நீர் ஆறு என்றாலும் சரியாகவே வரும். இப்படி எத்தனை வேண்டுமானாலும் எழுதிக்கொண்டே போகலாம். எண்களுக்குப் பதில் தெரியாக்கணியம் போட்டு இயற்கணித முறையில் தீர்ப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். தெரியாதவை அதிகம், நிபந்தனைகள் குறைவு, ஒரே விடை வராது.

எண்ணில் என்ன ஆகிறது பாருங்கள். 0.02 மோலார், அதாவது லிட்டருக்கு 0.02 மோல் உள்ள, பெர்மாங்கனேட் 20 மில்லிலிட்டர் செலவாகியிருக்கிறது என்று வையுங்கள். அது 0.4 மில்லிமோல். ஐந்துக்கு இரண்டு என்ற விகிதப்படி பெராக்சைடு 1 மில்லிமோல், அதாவது 34 மில்லிகிராம். மூன்றுக்கு இரண்டு என்றால் 20.4. ஒன்றுக்கு இரண்டு என்றால் 6.8. ஒரே குடுவை, ஒரே ப்யூரெட், "சமன்செய்த" மூன்று சமன்பாடு, மூன்று விடை. சரியானது முதலாவது மட்டுமே. காரணம் எலக்ட்ரான் கணக்கு: பெர்மாங்கனேட் ஒவ்வொன்றும் ஐந்து எலக்ட்ரான் வாங்குகிறது, பெராக்சைடு ஒவ்வொன்றும் ஆக்ஸிஜனாக மாறும்போது இரண்டு எலக்ட்ரான் கொடுக்கிறது, ஐந்துக்கு இரண்டில்தான் பத்துக்குப் பத்து நேராகும். மற்ற சமன்பாடுகள், ஆக்ஸிஜன் வாயுவில் ஒரு பகுதி பெர்மாங்கனேட்டின் ஆக்ஸிஜனிலிருந்து வருவதாகக் கணக்கு காட்டினால்தான் நிற்கும். அதுவும் ஆக்ஸிஜன்-18 வைத்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. வாயுவில் வரும் இரண்டு ஆக்ஸிஜன் அணுவும் பெராக்சைடுடையவை. ஆக, சமன்பாடு சரியா என்பதைத் தாளை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாத இடமும் உண்டு.

இதைவிடத் தளர்வான இடங்களும் இருக்கின்றன. காற்று போதாமல் புரொப்பேன் எரிந்தால் என்ன சமன்பாடு? 2 புரொப்பேன் + 7 ஆக்ஸிஜன் → 6 கார்பன் மோனாக்சைடு + 8 நீர் என்று எழுதலாம். 1 புரொப்பேன் + 2 ஆக்ஸிஜன் → 3 கார்பன் + 4 நீர் என்று கரி படிவதாகவும் எழுதலாம். இரண்டும் அணுவளவில் சுத்தம். உண்மைச் சுடரில் கார்பன் டைஆக்சைடும் மோனாக்சைடும் கரியும் கலந்தே வரும். எந்தெந்த அளவில் என்பது காற்றையும் சுடரின் சூட்டையும் பொறுத்தது. "முற்றுப்பெறாத எரிதலுக்குச் சமன்பாடு எழுதுக" என்று யாராவது கேட்டால், எந்த விளைபொருள் என்று திருப்பிக் கேட்பதுதான் முறை. விளைபொருள் எது என்பதைச் சோதனை சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் சமன்செய்யும் வேலையே தொடங்குகிறது. இரும்பின் ஆக்சைடு ஒன்றில் ஆக்ஸிஜன் அணு நூறுக்கு இரும்பு அணு 95ஐ ஒட்டித்தான் இருக்கும். முழு எண்ணுக்கே அடங்காத அந்த மாதிரிச் சேர்மங்களும் உண்டு. பள்ளிக் கணக்கில் அவை வராது.

கடைசியாக அந்த அரை. 1 ஹைட்ரஜன் + ½ ஆக்ஸிஜன் → 1 நீர் என்று எழுதுவது தப்பில்லை. அரை மூலக்கூறு என்று ஒரு பொருள் கிடையாது என்பது உண்மைதான், ஆனால் எண்ணை மோலாகப் படித்தால் அரை மோல் ஆக்ஸிஜன் என்பது 16 கிராம், தராசில் தாராளமாக நிறுத்தலாம். வெப்பவேதியியலில் இப்படித்தான் வேண்டுமென்றே எழுதுவார்கள், ஏனென்றால் "ஒரு மோல் நீர் உருவாகும்போது" எவ்வளவு வெப்பம் என்பதே அங்கே கேள்வி. திரவ நீருக்கு அது 285.8 கிலோஜூல். நீங்கள் எழுதிய 2, 1, 2 சமன்பாட்டுக்குப் பக்கத்தில் வெப்பத்தைக் குறிப்பதாக இருந்தால் 571.6 என்று போட வேண்டும். சமன்பாட்டை இரட்டித்துவிட்டு வெப்பத்தை இரட்டிக்க மறப்பதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தப்பு. பரீட்சையில் "மிகச் சிறிய முழு எண்களில்" என்று கேட்டிருந்தால் மட்டும் அரையை விட்டுவிட்டு 2, 1, 2 எழுதுங்கள். அப்படிக் கேட்காத இடத்தில் அரை போட்டதற்காக மதிப்பெண் குறைத்தால், மேலே சொன்ன வெப்பக் கணக்கைக் காட்டித் தாராளமாக வாதாடலாம்.